குறட்டை அடங்கினால் மூச்சு சீராகிவிட்டதா? லேசர் சிகிச்சை பற்றி

கேள்வி இதுதான்: கணவருக்கு 46 வயது. குறட்டை தாங்க முடியவில்லை என்று தூக்க ஆய்வு எடுத்ததில் ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை) 34 என்று வந்திருக்கிறது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் இயந்திரம் வாங்கி, இரண்டு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, அலமாரி மேல் ஏற்றிவிட்டார். இப்போது ஒரு பல் மருத்துவமனையில், 'கத்தி கிடையாது, தையல் கிடையாது, மூன்று தடவை லேசர் காட்டினால் போதும், இயந்திரமே வேண்டாம்' என்கிறார்கள். போகலாமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறட்டைச் சத்தம் குறைய அந்த லேசர் சிலருக்கு உதவும். ஆனால் ஏ.எச்.ஐ. 34 உள்ளவர் அதை மட்டும் நம்பிக்கொண்டு இயந்திரத்தைத் தூக்கிப் போடக் கூடாது. ஏன் என்று புரியவைக்கத்தான் மீதி நீளம்.

நான் மருத்துவர் இல்லை. தூக்க ஆய்வுக்கூடத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்து மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதும், அப்புறம் அந்த வரைபடங்களை உட்கார்ந்து எண்ணுவதும் என் வேலை. முப்பது விநாடிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் படிப்போம். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 பக்கம். அதனால் இந்த 34 என்ற எண் எப்படிப் பிறக்கிறது, எப்படியெல்லாம் ஏறி இறங்கும் என்பது எனக்குக் கொஞ்சம் நன்றாகவே தெரியும். லேசர் விஷயத்தில் ஏமாறுவதும் ஏமாறாமல் இருப்பதும் கடைசியில் அந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது, எத்தனை தடவை வெகுவாகக் குறைந்தது என்று கூட்டினால் வருவது ஏ.எச்.ஐ. பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் எடுப்போம். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. உங்கள் கணவர் ஏழு மணி நேரம் தூங்கினால் 238 தடவை. ஒவ்வொரு தடவையும் காற்று நுழையாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி அரை விழிப்புக்கு வந்து தொண்டைத் தசையை இழுத்துப் பிடிக்கிறது. 'கர்ர்' என்று ஒரு பெரிய மூச்சு. உடனே மறுபடி தூக்கம். காலையில் இதில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்காது. 'நான் நன்றாகத்தானே தூங்கினேன், உனக்குத்தான் தூக்கம் வரவில்லை' என்று உங்களிடமே சொல்லியிருப்பார். எங்கள் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் வசனம் அது.

இந்த அடைப்பு எங்கே நடக்கிறது? மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன, அது லேசில் நசுங்காது. அதற்கு மேலே, மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைப் பகுதிக்கு அப்படி எந்த வளையமும் இல்லை. பேசவும் விழுங்கவும் வளைந்து நெளிய வேண்டிய இடம், எனவே பெரும்பாலும் தசை. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கினால் தளரும். தொண்டை ஏற்கெனவே குறுகலானவருக்கு, கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கு, கீழ்த்தாடை பின்வாங்கியவருக்கு, அந்தத் தளர்ச்சியில் வழி மூடிக்கொள்ளும். தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடும் நோய்க்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பெயர்.

குறட்டை வேறு விஷயம். குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்மையான சதையான மெல்லண்ணமும், அதன் நுனியில் தொங்கும் உள்நாக்கும் படபடக்கின்றன. கொடியில் காயும் ஈரவேட்டி காற்றில் அடித்துக்கொள்வதைப் போல. அந்தச் சத்தம் வருவதற்குக் காற்று ஓடியாக வேண்டும். வழி முழுசாக அடைத்துவிட்டால் சத்தமே இருக்காது. நீங்களே கவனித்திருப்பீர்கள்: தொடர்ந்து குறட்டை, திடீரென்று நிசப்தம், பத்து இருபது விநாடி கழித்து ஒரு வெடிப்பு. உண்மையான ஆபத்து அந்த நிசப்தத்தில் இருக்கிறது. குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. நோய் இருக்கும் எல்லோருக்கும் ஊர் அதிரும் குறட்டையும் இல்லை.

சரி, லேசருக்கு வருவோம்.

இப்போது 'அறுவை இல்லாத லேசர்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் எர்பியம்-யாக் வகை. ஸ்லோவேனியாவின் ஃபோட்டோனா நிறுவனம் 'நைட்லேஸ்' என்ற பெயரில் விற்கும் முறைதான் இதில் அதிகம் பேசப்படுவது. அந்த ஒளியின் அலைநீளம் 2940 நானோமீட்டர். தண்ணீர் இந்த அலைநீளத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்குள் இருக்கும் சதை முக்கால்வாசி தண்ணீர்தானே. ஒரே அடியாக முழு ஆற்றலையும் பாய்ச்சினால் மேற்பரப்பு ஆவியாகிப் போகும். பல்லையும் தோலையும் செதுக்க அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அதே ஆற்றலைச் சின்னச் சின்னத் துடிப்புகளாகப் பிரித்து விட்டால் சதை வெந்து போகாமல் சூடு மட்டும் மெல்ல உள்ளே இறங்கும். சதைக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் சூடு பட்டால் சுருங்கும். பிறகு சில வாரங்களில் புது கொலாஜன் உருவாகும். தொளதொளவென்று தொங்கும் மெல்லண்ணம் கொஞ்சம் இறுகும், படபடப்பு குறையும். இதுதான் கணக்கு.

செய்யும் விதமும் எளிதுதான். பல் மருத்துவமனை நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார வேண்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அண்ணத்திலும் உள்நாக்கிலும் தொண்டையின் இரு பக்கத்திலும் லேசர் முனையை நகர்த்திக்கொண்டே போவார்கள். வெந்நீர் பட்ட மாதிரி ஒரு சூடு தெரியும். குமட்டல் அதிகம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். மற்றபடி மயக்க மருந்து தேவையில்லை, அன்றைக்கே சோறு சாப்பிடலாம், தொண்டை இரண்டொரு நாள் வறண்டிருக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் இப்படி மூன்று அமர்வு. இறுகிய சதை மறுபடி தளரும் என்பதால் ஒரு வருடம் போல ஆனதும் மறுபடி வரச் சொல்வார்கள். 'மூன்றே தடவை' என்று விளம்பரத்தில் வரும்போது இந்தக் கடைசி வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

இதில் ஏமாற்று என்று சொல்ல எதுவுமில்லை. செய்யும் வேலையைச் செய்கிறது. அது செய்யும் வேலையும் உங்கள் கணவரின் நோயும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் முடியாது. லேசரைக் குறட்டைக்குக் காட்டுவது புதிதல்ல. 1990 வாக்கில் பாரிஸில் இவ்-விக்டர் கமாமி என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கார்பன் டை ஆக்சைடு லேசரால் உள்நாக்கையும் மெல்லண்ணத்தின் ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டுக் குறைக்கும் முறையை வெளியிட்டார். மருத்துவமனையில் படுக்க வேண்டாம், ஊசி போட்டு மரக்கவைத்து நாற்காலியிலேயே முடித்துவிடலாம். அமெரிக்காவில் அது காட்டுத்தீயாகப் பரவியது. வலி மட்டும் கடுமை, பத்து நாள் எச்சில் விழுங்கவே சிரமப்பட்டவர்கள் உண்டு. குறட்டை குறைந்தது என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் மூச்சு நிற்பது?

அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமி 1994இலேயே 'இதை ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பரிந்துரைக்க முடியாது' என்றது. 2000க்கான திருத்திய வழிகாட்டுதலிலும் அதையே சொன்னது. 2010இல் அறுவைகள் பற்றிய வழிகாட்டுதலிலும் 'வழக்கமாகச் செய்யத் தேவையில்லை' என்ற பட்டியலில்தான் அது இருந்தது. 2017இல் மகாரியோ கமாச்சோவும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த 23 ஆய்வுகளை, மொத்தம் 717 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனி நோயாளியாக எண் கிடைத்தவர்களை எடுத்துப் பார்த்தபோது, வெற்றி என்று சொல்லத்தக்கது 23 சதவீதம் பேருக்கு. முழுசாகக் குணமானவர்கள் 8 சதவீதம். 44 சதவீதம் பேருக்கு ஏ.எச்.ஐ. முன்பைவிட மோசமாகியிருந்தது. படித்தபோது எனக்கே ஒரு முறை சரிபார்க்கத் தோன்றியது. நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர் பணம் கொடுத்து, வலி பொறுத்து, நோயைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஏன் கூடியது? சுட்ட இடம் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு சுருங்கும், விறைக்கும். நெகிழ்ந்து விரிய வேண்டிய வழி குறுகிப்போய்விடும்.

எர்பியம் லேசர் விற்பவர்கள் 'அது வேறு, இது வேறு' என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. புதியது சதையைச் சுட்டுக் குறைப்பதில்லை, எனவே பழையதன் எண்ணை இதன் மேல் ஒட்டுவது தவறு. ஆனால் அந்தக் கதையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் குறட்டை குறைந்தது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. வீட்டில் சத்தம் இல்லை, எனவே நோய் இல்லை என்று நம்பினார்கள். அளந்து பார்த்தபோதுதான் உண்மை வெளியில் வந்தது. மாட்டின் கழுத்து மணியை அறுத்துவிட்டால் வீட்டில் அமைதிதான், மாடு எங்கே போனது என்பதுதான் தெரியாது.

மறு ஆய்வுக்கு வந்த ஒருவரை நினைக்கிறேன். எங்கோ ஓரிடத்தில் லேசர் செய்துகொண்டவர். 'வீட்டில் இப்போது எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், சும்மா ஒரு சான்றுக்காக வந்தேன்' என்றார். உண்மையிலேயே அன்று ராத்திரி மைக்கில் சத்தம் மிகக் குறைவு. திரையில் மட்டும் ஆக்சிஜன் கோடு மரம் அறுக்கும் வாள் மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் அவருடைய மனைவி, 'பாருங்கள், ஒரு சத்தம் இல்லையே' என்றபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். முடிவைச் சொல்வது மருத்துவர் வேலை என்பது அன்றைக்கு எனக்கு ஒரு சௌகரியமாக இருந்தது.

புது முறைக்கு ஆதாரமே இல்லையா என்றால், இருக்கிறது. சத்தம் குறைந்ததைக் காட்டும் சிறு ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆள் எண்ணிக்கை குறைவு. சிகிச்சைக்கு முன், பின் என்று அதே ஆளைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். சும்மா விளக்கைக் காட்டிவிட்டு அனுப்பிய ஒரு குழுவோடு ஒப்பிடுவது அரிது. 'குறட்டை எப்படி?' என்று பக்கத்தில் படுப்பவரைக் கேட்டு மதிப்பெண் போடுவது வழக்கம். காசு செலவழித்த பிறகு காது கொஞ்சம் தாராளமாகிவிடும், அது மனித இயல்பு. சி-பாப்பை எறிந்துவிட்டு இதற்கு மாறலாம் என்று சொல்லும் அளவுக்கு, அதுவும் கடுமையான நோய்க்கு, அந்த ஆதாரம் போதாது.

ஏ.எச்.ஐ.யையே அளந்து 'பாதியாகக் குறைந்தது' என்று காட்டினால்? இங்கேதான் என் தொழில் அனுபவம் உங்களுக்கு உதவும். இந்த எண்ணை, யாரும் பொய் சொல்லாமலே, குறைத்துக் காட்ட முடியும். மூச்சு முழுசாக நிற்பதை எண்ணுவதில் சர்ச்சை இல்லை. 'குறைவது' எது என்பதில்தான் இரண்டு விதி உண்டு. காற்றோட்டம் 30 சதவீதமாவது குறைந்து, ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ மூளை விழித்துக்கொண்டாலோ எண்ணலாம் என்பது ஒரு விதி. 4 சதவீதம் இறங்கினால்தான் எண்ண வேண்டும் என்பது இன்னொன்று. ஒரே ராத்திரி, ஒரே ஆள், இரண்டு விதியில் எண்ணினால் எண் கணிசமாக மாறும். அடுத்தது, கூடத்தில் எடுத்த ஆய்வா, வீட்டில் எடுத்ததா. வீட்டுக் கருவி பெரும்பாலும் மூளை அலையைப் பார்ப்பதில்லை. அவர் புரண்டு புரண்டு விழித்திருந்த நேரத்தையும் தூக்கமாக எண்ணி வகுத்துவிடும். வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும். மூன்றாவது, எந்தப் பக்கம் படுத்தார். மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னால் சரியும், எண் ஏறும். முதல் ஆய்வில் பாதி ராத்திரி மல்லாந்து, இரண்டாவதில் முழுக்க ஒருக்களித்து என்றால் லேசர் இல்லாமலே எண் குறைந்திருக்கும். இவையெல்லாம் போக, ஒரே ஆளுக்கே இன்று ஒன்று, நாளை ஒன்று என்று ஏறி இறங்குவது இந்த எண்ணின் சுபாவம். ராத்திரி இரண்டு பெக் போட்டுவிட்டுப் படுத்தாலே வரைபடம் வேறு.

அதனால் எந்த மருத்துவமனை 'முன்', 'பின்' என்று இரண்டு தாளைக் காட்டினாலும், இரண்டும் ஒரே வகை ஆய்வா, ஒரே விதியா, மல்லாந்து படுத்த நேரம் எவ்வளவு, இடையில் எடை குறைந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம். 'ஆய்வெல்லாம் எதற்கு, குறட்டை நின்றால் போதாதா' என்று சொன்னால் இன்னும் சீக்கிரம் வந்துவிடலாம்.

இன்னொரு சங்கதி, அடைப்பு எந்த மட்டத்தில் என்பது. லேசர் எட்டுவது வாயைத் திறந்தால் தெரிகிற இடம் வரைதான்: மெல்லண்ணம், உள்நாக்கு, அருகிலுள்ள சுவர். எட்டினாலும் அது சூடாக்குவது மேல்தோலையொட்டிய மெல்லிய அடுக்கை. மெல்லண்ணமோ கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தசை. கடுமையான நோய் உள்ளவர்களுக்கு அடைப்பு ஒரே இடத்தில் இருப்பது குறைவு. நாக்கின் அடிப்பகுதி பின்னால் விழும். தொண்டையின் பக்கச் சுவர்கள் இரண்டும் உள்ளே வந்து ஒட்டும். சிலருக்குக் குரல்வளை மூடியே மடங்கி விழும். நாக்கு தொண்டையில் விழுவதை அண்ணத்தை இறுக்கி எப்படி நிறுத்துவது? இதைத் தெரிந்துகொள்ள ஈ.என்.டி. மருத்துவர்கள் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். அறுவையோ வேறு எதுவோ யோசிப்பவர்களுக்கு அது பயனுள்ள சோதனை. அப்படி எதுவும் பார்க்காமல், நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துவிட்டு 'உங்களுக்கு லேசர் சரிவரும்' என்றால் அது ஊகம்தான்.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? ஆய்வு எடுத்து, ஏ.எச்.ஐ. 5க்குக் கீழ் வந்து, மூச்சு நிற்கவில்லை, வெறும் குறட்டைதான் என்று உறுதியானவருக்கு. எடை கட்டுக்குள் இருந்து, மூக்கடைப்பு இல்லாமல், அண்ணம்தான் படபடக்கிறது என்று தெரிந்தவருக்கு. லேசான ஆப்னியா உள்ள ஒருவர், மருத்துவர் கண்காணிப்பில், மறு ஆய்வு எடுப்பேன் என்ற ஒப்பந்தத்தோடு செய்துகொண்டால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம், அதற்கு வழி வேறு.

உங்கள் கணவர் விஷயத்தில், லேசரைவிட அலமாரி மேல் இருக்கும் பெட்டியைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தோன்றுகிறது. ஏன் கழற்றினார் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் கழற்றுகிறவர்களுக்குக் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும், பாதிக்கு மேல் சரிசெய்யக் கூடியவை. மாஸ்க் அளவு சரியில்லாமல் கண்ணுக்குள் காற்று அடிக்கும். மூக்கு அடைத்திருப்பவர் மூக்கு மாஸ்க் போட்டால் மூச்சு முட்டத்தான் செய்யும். முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து தூங்குபவருக்குக் காற்று வாய் வழியாக வெளியே போய் தொண்டை காய்ந்துவிடும். அவருக்கு முழு முக மாஸ்க்கோ ஈரப்பதம் தரும் தண்ணீர்த் தொட்டியோ வேண்டும். ஆரம்பத்திலேயே முழு அழுத்தம் அடித்தால் பயம் வரும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும்படி வைக்கும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் இருக்கிறது. கடைக்காரர் அதைக் காட்டிக் கொடுத்தாரா? அடர்ந்த மீசை, தாடி இருந்தால் காற்று கசியும். இதைச் சொன்னதற்கு ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டு போய், மூன்று மாதம் கழித்து மீசையில்லாமல் வந்தார். மீசையை எடுக்காமலே மூக்குத் துவாரத்தில் வைக்கும் சிறிய வகை மாஸ்க் போட்டிருக்கலாம், அதை நான்தான் சொல்ல மறந்துவிட்டேன்.

இந்த இயந்திரத்தின் ஆரம்பமும் ஒன்றும் அழகாக இல்லை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் முயன்று பார்த்து, 1981இல் ஐந்து நோயாளிகளை வைத்து முதல் கட்டுரை எழுதினார். காற்றடிக்கத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார். அப்படிப் பார்த்தால் இன்றைய பெட்டி வீணை மாதிரி.

சி-பாப் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2016இல் வெளியான, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2717 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு சி-பாப் கொடுத்தும் அடுத்த மாரடைப்பு, பக்கவாதம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆட்கள் ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். அரை ராத்திரி குடை பிடித்த கதை. பகல் தூக்கம் குறைவது, தலை தெளிவாக இருப்பது, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது ஆகியவற்றில் பலன் உறுதி. உங்கள் கணவர் வண்டி ஓட்டுகிறார் என்றால் அந்த ஒரு காரணமே போதும். சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், இது சரியாகும் வரை நெடுஞ்சாலையில் அவர் ஓட்ட வேண்டாம்.

என்ன செய்தும் மாஸ்க் ஒத்துவராவிட்டால் லேசருக்கு முன்னால் வரிசையில் வேறு சில இருக்கின்றன. கீழ்த்தாடையைச் சற்று முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி ஒன்று. அதே பல் மருத்துவர் இதைச் செய்து தர முடியும், அவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். சி-பாப் அளவுக்கு எண்ணைக் குறைக்காது, ஆனால் மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள் அதிகம். பல் ஆட்டம், தாடை மூட்டு வலி இருந்தால் கஷ்டம். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. 126 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஏ.எச்.ஐ.யின் நடு மதிப்பு 29.3இலிருந்து ஓராண்டில் 9க்கு இறங்கியது. செலவைக் கேட்டால் மூச்சே நின்றுவிடும் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

எடை கூடுதலாக இருந்தால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எடை பத்து சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழ 26 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். உங்கள் கணவரின் 34 அப்போது 25 பக்கம் வரும். நடுத்தரம்தான், ஆனாலும் ஒரு மணிக்கு ஒன்பது தடவை குறைந்ததல்லவா. 2024 டிசம்பரில், பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஓராண்டில் ஒரு மணிக்கு 25 முதல் 29 தடவை வரை குறைந்தது, ஊசி என்ற பெயரில் வெறும் நீர் போட்டவர்களுக்கு 5 போல. இந்தியச் சந்தைக்கு இந்த மருந்து 2025இல் சர்க்கரை நோய்க்கும் பருமனுக்கும் என்று வந்துவிட்டது. உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய செலவில்லாத ஒன்றும் உண்டு. 2006இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜிரிடூ என்ற நீண்ட ஊதுகுழலை நாலு மாதம் பழகவைத்தார்கள். பகல் தூக்கமும் ஏ.எச்.ஐ.யும் குறைந்தன. அதற்கு 2017இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வேடிக்கையாகக் கொடுக்கும் இக் நோபல் பரிசுகளில் சமாதானப் பரிசும் கிடைத்தது. பக்கத்தில் படுப்பவருக்குச் சமாதானம் என்ற பொருளில் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், பகலில் ஊதும்போது பக்கத்து வீட்டுக்காரரின் சமாதானம் என்ன ஆனது என்று தெரியாது. விளையாட்டில்லை, தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்பதுதான் அதன் அடிப்படை. 34க்கு இது மட்டும் போதாது.

இவ்வளவும் படித்துவிட்டு 'லேசரும் செய்து பார்த்துவிடுவோமே' என்று தோன்றினால், செய்யுங்கள். மூன்று அமர்வு நடக்கும் காலம் முழுக்க ராத்திரி சி-பாப் தொடரட்டும். கடைசி அமர்வு முடிந்து மூன்று மாதம் கழித்து, முதலில் எடுத்த அதே வகை ஆய்வை, முடிந்தால் அதே கூடத்தில், இயந்திரம் மாட்டாமல் எடுங்கள். லேசர் செய்த இடத்தில் எடுக்க வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்து உங்கள் மருத்துவர் இயந்திரத்தை நிறுத்தலாம் என்று சொன்னால் நிறுத்துங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை. பழைய ரிப்போர்ட்டை எடுத்து இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, மல்லாந்து படுத்தபோது ஏ.எச்.ஐ. எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஒருக்களித்தபோது எண் வெகுவாகக் குறைந்திருந்தால், முதுகுப் பக்கம் ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துப் படுக்கவைப்பதே இயந்திரத்துக்கு நல்ல துணை. இன்னொன்று, ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது. அந்த நிமிடக் கணக்கு பெரிதாக இருந்தால் நாளை என்று தள்ளிப்போடாமல் பெட்டியை இன்று ராத்திரியே இறக்குங்கள். பழைய வடிகட்டியை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். முதல் சில நாள் டிவி பார்க்கும்போதே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்ற எரிச்சல் விழித்திருக்கும்போதே பழகிவிட்டால், தூக்கத்தில் கை தானாகப் போய்க் கழற்றுவது குறையும்.